கில்லி மீன் வளர்க்கலாம், ஆனா அதை பிசினஸ்னு நம்பிப் பணத்தைப் போடாதீங்க!



"வீட்டிலிருந்தே கூடுதல் வருமானம்" பத்தி நம்ம சேனல்ல எப்ப வீடியோ போட்டாலும் கமெண்ட்ல ஒரு கேள்வி தவறாம வந்துடும்: மீன் பிரீடிங் பண்ணலாமா? கொஞ்ச நாளா அந்தக் கேள்வி இன்னும் குறிப்பா வருது. "கில்லி மீன் பண்ணலாமா? ஜோடி 500 ரூபாய்க்குப் போகுதாமே, முட்டையை கூரியர்லயே அனுப்பலாமாமே, சின்ன டப்பா போதுமாமே?" போனஸ் பணத்தை அப்படியே இதுல போடலாம்னு கேக்கறவங்களும் இருக்காங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கில்லி மீன் வளர்க்கறதுக்கு 2,500 ரூபாய் வரைக்கும் தாராளமா செலவு பண்ணுங்க. அந்தக் காசுக்கு இவ்வளவு நல்ல பொழுதுபோக்கு அக்வேரியம் உலகத்துல வேற கிடைக்காதுங்கறது என் அபிப்பிராயம். ஆனா அதே மீனை நம்பி 25,000 ரூபாயை "முதலீடு"ன்னு சொல்லிப் போடாதீங்க. செலவு வேற, முதலீடு வேற. பட்ஜெட் நோட்டுல இது பொழுதுபோக்குங்கற வரியில வரணும், வருமானம்ங்கற வரியில வரக்கூடாது.

ஏன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, இந்த மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன். பேரைப் பார்த்துட்டு மத்த மீனைக் கொல்ற மீன்னு நினைச்சுக்காதீங்க. விஜய் படத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஓடைன்னு அர்த்தம் வர்ற ஒரு பழைய டச்சுச் சொல்லுலேர்ந்து இந்தப் பேரு வந்ததா சொல்வாங்க. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, வட அமெரிக்கா, ஆசியான்னு பல இடத்துல ஆயிரத்துக்கும் மேல வகை இருக்கு. பெரும்பாலானது விரல் நீளம்தான். ஆண் மீன் கண்ணைப் பறிக்கிற கலர்ல இருக்கும். பெண் மீன் பல வகையில வெறும் பழுப்பு. கடைக்காரருக்கு இந்த மீன் மேல ஆசை வராததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊர்லயே கில்லி மீன் இருக்குங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. தென்னிந்திய ஓடை, குளம், வயல் வாய்க்கால்ல தண்ணி மேல்மட்டத்துலயே நின்னுக்கிட்டு, தலை உச்சியில ஒரு வெள்ளிப் புள்ளி மின்ன ஒரு சின்ன மீன் திரியும் பாருங்க, அதான் பஞ்சாக்ஸ். மலையாளத்துல மானத்துக்கண்ணின்னு அழகா ஒரு பேரு வெச்சிருக்காங்க, வானத்தைப் பார்க்கிற கண்ணு. கொசுப்புழுவைத் தேடித் தேடித் தின்னும். கடையில "கோல்டன் வொண்டர் கில்லி"ன்னு ஒரு மஞ்சள் மீனைப் பார்த்திருப்பீங்க. அது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு இல்லை. நம்ம வரி பஞ்சாக்ஸோட வளர்ப்பு நிறம்தான் அது.

ரீல்ஸ் கணக்கும் நிஜக் கணக்கும்

இப்போ கணக்குக்கு வருவோம். கீழே போட்டிருக்கற விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எல்லாரும் சொல்ற மீன் கார்ட்னெரி. நைஜீரியா, கேமரூன் பக்கத்து மீன். ஒரு ஜோடி நல்லா சாப்பிட்டா ஒரு நாளைக்கு 5 முட்டை வெக்குதுன்னு வெச்சுக்கோங்க. மாசம் 150 முட்டை. 150 மீன், 75 ஜோடி. ஜோடி 500 ரூபாய்னா மாசம் 37,500 ரூபாய்! அதுவும் ஒரே ஒரு ஜோடியிலேர்ந்து! ரீல்ஸ்ல காட்டற கணக்கு இதோட முடிஞ்சுடும். பின்னணியில மியூசிக் வேற.

நோட்டை எடுத்து மீதியை நாம எழுதுவோம். 150 முட்டையில சிலது கருவே தரிக்காது, சிலது பூஞ்சை பிடிச்சு வெள்ளையாகிடும். 100 பொரிக்குதுன்னு வைங்க. குஞ்சு பெருசாகற வரைக்கும் தினமும் உயிர் உணவு போட்டு, தண்ணி மாத்தி, அதுல 60 தேறினா நீங்க நல்ல வேலைக்காரர். அந்த 60 மீனும் விக்கிற சைஸுக்கு வர சுமார் நாலு மாசம் ஆகும். அதாவது எப்பப் பார்த்தாலும் உங்க வீட்டுல நாலு மாசத்துச் சரக்கு, 240 மீன், வெவ்வேற வயசுல நீந்திக்கிட்டு இருக்கும். பெரிய குஞ்சு சின்னக் குஞ்சைத் தின்னுடும்ங்கறதால ஒரே தொட்டியில கொட்டவும் முடியாது. பத்து தொட்டி இல்லாம இது நடக்காது. பத்து தொட்டி, ஸ்டாண்டு, ஏர் பம்ப், குழாய், ஸ்பாஞ்ச் ஃபில்டர்னு 25,000 ரூபாய் போயிடும்.

40 லிட்டர் தொட்டி பத்துல வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்தினா 100 லிட்டர். மே மாசம் தண்ணி லாரிக்கு ஃபோன் பண்ணிட்டுக் காத்திருக்கற வீட்டுல இதை யார் ஒத்துக்குவாங்கன்னு தெரியலை. தினமும் ஒன்றரை மணி நேரம் வேலைன்னா மாசம் 45 மணி நேரம்.

சரி, அத்தனையும் பண்ணிட்டீங்க. கையில மாசம் 25 ஜோடி தேறுது. வாங்கறதுக்கு மாசாமாசம் 25 பேர் எங்கேர்ந்து வருவாங்க? கப்பி, மாலின்னா எந்தக் கடையிலயும் கொடுத்துடலாம். கில்லி அப்படி இல்லை. பொதுவா பெண் மீனுக்குக் கலர் இல்லை, பல வகைகள் காய்ஞ்ச உணவைச் சரியா தொடாது, ரெண்டு ஆண் இருந்தா சண்டை, மூடி இல்லாத தொட்டியிலேர்ந்து குதிச்சுடும். சென்னை கொளத்தூர்ல தலைமுறையா வண்ண மீன் வளர்க்கற குடும்பங்கள் இருக்கு. இடம், தண்ணி, ஆள், மொத்த வியாபாரி எல்லாமே அவங்க கையில. கில்லியில சுலபமா காசு இருந்தா நமக்கு முன்னாடி அவங்க அதை எப்பவோ எடுத்திருப்பாங்க.

அதனால கில்லியை வாங்கறவர் பெரும்பாலும் இன்னொரு கில்லி ஆர்வலர்தான். ஊருக்குக் கொஞ்சம் பேர். மாசம் 6 ஜோடி விக்கறீங்கன்னு வெச்சுப்போம். 3,000 ரூபாய். தீனி, கரண்ட், பேக்கிங், ஆம்னி பஸ் பார்சல், வழியில செத்துப் போன மீனுக்குப் பதில் மீன்னு 1,200 கழிச்சா மிச்சம் 1,800. வருஷத்துக்கு 21,600. இதையே ஒருத்தர் "25,000 முதலீட்டுக்கு 86 சதவீத ரிட்டர்ன்"னு தம்ப்நெயில்ல போடலாம். கணக்குப்படி பொய்யும் இல்லை. ஆனா அது முதலீட்டோட வருமானம் இல்லீங்க, உங்க கூலி. 1,800-ஐ 45 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 40 ரூபாய். நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போனா அதுவும் நின்னுடும். ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு யாரும் காலையில எழுந்து தீனி போடறது இல்லை.

இன்னொரு விஷயம் இருக்கு. எனக்கு இதுதான் முக்கியமானதாத் தெரியுது. நீங்க விக்கறது மீன் மட்டும் இல்லை, மீன் தயாரிக்கற மெஷினையும் சேர்த்து விக்கறீங்க. இன்னிக்கு உங்ககிட்ட ஜோடி வாங்கினவர் ஆறே மாசத்துல அதே மீனை விக்க ஆரம்பிச்சுடுவார். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு போட்டியாளர். அவர் 400-க்குக் கொடுப்பார், அவர்கிட்ட வாங்கினவர் 300-க்குக் கொடுப்பார். 300 ரூபாய்க்கு இறங்கினா உங்க மாச மிச்சம் 600. போட்ட 25,000 திரும்ப வர 41 மாசத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் முதல் ஜோடி உயிரோட இருக்காது.

2012-ல பெருந்துறை ஈமு கோழி விவகாரம் ஞாபகம் இருக்கும். கூண்டு போட்டுக் கொடுக்கறோம், மாசாமாசம் பராமரிப்புப் பணம் தர்றோம்னு சொல்லி கோடிக்கணக்குல வாங்கினாங்க. அது மோசடி. கில்லி வளர்க்கறவங்க யாரும் அப்படி இல்லை, ரெண்டையும் நான் ஒண்ணா வெக்கலை. ஆனா சந்தையோட அமைப்பைப் பாருங்க. ஈமுவைக் கறிக்காக வாங்கிச் சாப்பிட ஆள் இருக்காங்களான்னு யாரும் கேக்கலை. குஞ்சு பொரிக்கறவர் இன்னொரு குஞ்சு பொரிக்கறவருக்கு விக்கறதுலயே மொத்தக் கணக்கும் ஓடிச்சு. கடைசியில வாங்கித் திங்கறவர் யாருங்கற கேள்விக்குப் பதில் இல்லாத எந்த வளர்ப்புத் தொழில்லயும் பணத்தைப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை இல்லை, பத்து தடவை யோசிக்கணும். லவ் பேர்ட்ஸ், ஃபேன்ஸி கோழி எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

வருமானம் நிஜமாவே வந்தாலும், மீன் வளர்ப்பு வருமானம் விவசாய வருமானத்துல சேராது. வரி விலக்குன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வெளிநாட்டு ஆளுங்ககிட்டேர்ந்து முட்டை வரவழைக்கலாம்னு யோசனை இருந்தா, உயிருள்ள மீனுக்கும் முட்டைக்கும் இறக்குமதி அனுமதி வேணும். கவர்ல போட்டு வந்துடும்ங்கறதால சட்டம் மாறிடாது.

அப்புறம் ஏன் வளர்க்கச் சொல்றீங்க?

நல்ல கேள்வி. ஏன்னா இது சின்னதா இருக்கற வரைக்கும் ரொம்ப மலிவு.

மத்த அக்வேரியம் ஆசைகள் எப்படி வளரும்னு நமக்குத் தெரியும். ஒரு கண்ணாடித் தொட்டி, அப்புறம் கேபினட், அப்புறம் கேனிஸ்டர் ஃபில்டர், செடிக்கு கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், விலை உயர்ந்த லைட். 40,000 எங்க போச்சுன்னே தெரியாது. கில்லிக்கு இது எதுவும் வேண்டாம். வெளிச்சம் குறைவா இருந்தாத்தான் அதுக்குப் பிடிக்கும். 15, 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும்.

உதாரண பட்ஜெட் போடறேன். மூடியோட மூணு பிளாஸ்டிக் டப்பா 750. சின்ன ஏர் பம்ப் 250. ரெண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் 200. ஆர்ட்டீமியா முட்டை சின்ன பாக்கெட் 300. கம்பளி நூலும் தெர்மாகோல் துண்டும் 50. ஜாவா மாஸ் 100. ஒரு ஆண், ரெண்டு பெண் கார்ட்னெரி 800. மொத்தம் 2,450 ரூபாய். மாசச் செலவு 250 வெச்சுக்கிட்டா முதல் வருஷம் எல்லாம் சேர்ந்து 5,450. கரண்டைப் பத்திக் கவலை வேண்டாம். 3 வாட் பம்ப் 24 மணி நேரமும் ஓடினாலும் மாசம் 2 யூனிட் சொச்சம்தான். ஹீட்டர் தேவையே இல்லை.

சொல்லப்போனா நமக்குப் பிரச்சினை சூடுதான். கார்ட்னெரிக்கு 22லேர்ந்து 26 டிகிரி தண்ணி சுகம். சென்னையிலயோ மதுரையிலயோ மே மாசம் வீட்டுக்குள்ளயே தண்ணி 30-ஐத் தாண்டும். மீன் உடனே செத்துடாது, ஆனா முட்டை குறையும், ஆயுசும் குறையும். அதனால டப்பாவை மொட்டை மாடி அறையிலயோ ஜன்னல் வெயில்லயோ வெக்காதீங்க. தரையோட, வீட்டுலயே குளிர்ச்சியான மூலையில வைங்க. கபோன் நாட்டு ஆஸ்ட்ராலே மாதிரி குளிர்ச்சி கேக்கற மீனுக்கு ஆசைப்பட்டு, அதுக்காக சில்லரோ ஏசியோ வாங்கற நிலைமைக்குப் போயிடாதீங்க. ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு வேணா அது சரி. சமவெளியில இருக்கறவங்க முதல்ல நம்ம பஞ்சாக்ஸ்லயே ஆரம்பிச்சா இன்னும் நல்லது. இந்த வெயில் அதுக்குப் பழக்கம். ஆனா வரி பஞ்சாக்ஸ் 10 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், வாயில நுழையற எதையும் விழுங்கும், கப்பியோட போடாதீங்க.

தண்ணி விஷயத்துல கார்ட்னெரி முரண்டு பிடிக்காது. மெட்ரோ வாட்டர்னா ஒரு நாள் திறந்து வெச்சு குளோரின் போன பிறகு ஊத்துங்க. மூடி மட்டும் கட்டாயம். ஏர் குழாய்க்காகப் போட்ட ஓட்டை வழியாக்கூட குதிக்கும். 800 ரூபாய் மீன் கட்டிலுக்கு அடியில கருவாடா கிடக்கறதைத் தடுக்க 20 ரூபாய் வலைத் துணி போதும்.

இனி முட்டை. இங்கதான் இந்த மீனோட சுவாரஸ்யமே இருக்கு. அடர் பச்சையிலயோ பழுப்புலயோ அக்ரிலிக் கம்பளி நூல் வாங்கி, சாயம் போற வரைக்கும் ஒண்ணு ரெண்டு தடவை கொதிக்க வெச்சு, அரை அடி நீளத்துக்கு நறுக்கி, நடுவுல கட்டி, தெர்மாகோல் துண்டுல மிதக்க விடுங்க. தரை துடைக்கற மாப் மாதிரி இருக்கும், பேரும் அதேதான், மாப். மீன் அதுல ஒண்ணு ஒண்ணா முட்டையை ஒட்டும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாப்பை எடுத்துப் பிழிஞ்சு, இழை இழையாப் பிரிச்சுப் பாருங்க. கண்ணாடி மணி மாதிரி, கடுகை விடச் சின்னதா இருக்கும். கையால எடுத்தா உடைஞ்சுடுமோன்னு பயப்பட வேண்டாம், நல்ல முட்டை கெட்டியாவே இருக்கும். தொட்டவுடனே நசுங்கறது கெட்டது.

எடுத்த முட்டையை ஒரு விரற்கடை தண்ணியில, ஒரு சின்ன டப்பாவுல, ஒரு துளி மெத்திலீன் புளூ விட்டு வைங்க. மேல தேதி எழுதுங்க. வெள்ளையாகறதை அன்னன்னிக்கு எடுத்துடுங்க, இல்லைன்னா பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். ஒரு வாரம் போனதும் பூதக்கண்ணாடியில பார்த்தா உள்ள ரெண்டு கண்ணு தெரியும், இதயம் துடிக்கறது தெரியும். வீட்டுல ஸ்கூல் போற பசங்க இருந்தா அவங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்க. ரெண்டுலேர்ந்து மூணு வாரத்துல பொரிக்கும்.

குஞ்சுக்கு முதல் நாள்லேர்ந்தே ஆர்ட்டீமியா கொடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணியில ரெண்டு டேபிள்ஸ்பூன் கல் உப்பு, ஒரு சிட்டிகை ஆர்ட்டீமியா முட்டை, நல்லா காத்து விட்டா 24லேர்ந்து 36 மணி நேரத்துல ஆரஞ்சு நிறத்துல புள்ளி புள்ளியா நீந்தும். வடிகட்டி, நல்ல தண்ணியில அலசிப் போடுங்க. இதுல ஒரு காசு விஷயம். பெரிய டின் வாங்கினா கிராம் விலை குறையுதேன்னு புதுசா ஆரம்பிக்கறவங்க அதை வாங்கிடுவாங்க. நம்ம ஊர் ஈரக்காத்துல திறந்த டின் சீக்கிரம் பொரிப்புத்திறனை இழந்துடும். சின்ன பாக்கெட் வாங்கி, காத்துப் புகாத டப்பாவுல ஃபிரிட்ஜ்ல வைங்க. மிச்சம் பண்றேன்னு வாளியில கொசுப்புழு மட்டும் வளர்க்காதீங்க. டெங்கு வந்தா ஆகற ஆஸ்பத்திரி செலவுக்கு முன்னாடி ஆர்ட்டீமியா விலையெல்லாம் ஒண்ணுமே இல்லை.

கார்ட்னெரி கைவந்த பிறகு, ஆசை இருந்தா வருஷாந்திர கில்லிக்குப் போகலாம். கிழக்கு ஆப்பிரிக்காவுல மழைக்கு மட்டும் தண்ணி நிக்கற குட்டையில வாழற நோத்தோபிராங்கியஸ் வகை. குட்டை காய்ஞ்சதும் மீன் எல்லாம் செத்துடும். முட்டை மட்டும் சேத்துக்குள்ள தூங்கி, அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஜிம்பாப்வே, மொசாம்பிக் பக்கம் இருக்கற ஃபர்ஸெரிங்கற மீனோட வாழ்நாள் மாசக்கணக்குதான். முதுமையை ஆராயற விஞ்ஞானிகள் அதைத் தேடி வளர்க்கறதுக்குக் காரணமே அந்தக் குறைஞ்ச ஆயுசுதான். வியாபாரக் கண்ணோட பார்த்தா இது எக்ஸ்பைரி தேதி போட்ட ஸ்டாக்.

வீட்டுல அந்தக் குட்டையை நாமளே உண்டாக்கணும். ஒரு சின்னக் கிண்ணத்துல தேங்காய் நார்த்தூளைப் போட்டுத் தொட்டிக்குள்ள வெச்சா மீன் அதுக்குள்ள புகுந்து முட்டை வெக்கும். வெளிநாட்டுல பீட்னு ஒரு சதுப்பு நிலப் பாசி மண்ணை இதுக்கு வாங்குவாங்க. நமக்குப் பொள்ளாச்சி நார்த்தூள் கட்டி நர்சரியிலயே மலிவாக் கிடைக்குது. உரம் கலக்காததா பார்த்து வாங்கி, கொதிக்க வெச்சு, சாயம் குறையற வரைக்கும் அலசணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தூளை வெளிய எடுத்துப் பிழிஞ்சு, செய்தித்தாள்ல ஆற விட்டு, பிடிச்சா ஒட்டாத அளவு ஈரம் இருக்கறப்போ பாலிதீன் பையில போட்டு, தேதி எழுதி அலமாரியில வெச்சுடுங்க. சான்சிபார் தீவு மீனான குந்தெரிக்குச் சுமார் மூணு மாசம். மொசாம்பிக்கோட ராகோவிக்கு ஆறு மாசத்துக்கும் மேல ஆகலாம். சூடு அதிகம்னா சீக்கிரமே தயாராகும். அதனால காலண்டரை மட்டும் நம்பாம, முட்டையில கண்ணு தெரியுதான்னு பார்த்துட்டுத் தண்ணி ஊத்துங்க. ஊத்தின சில மணி நேரத்துலயே குஞ்சு நீந்தும். கார்ட்னெரியை விட இந்த வகைக்கு வெல்வெட் நோய் சீக்கிரம் வரும். அஞ்சு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்பு எப்பவும் இருக்கட்டும்.

ஒரு வேடிக்கை பாருங்க. முதல் தடவை தண்ணி ஊத்தினதும் எல்லா முட்டையும் பொரிக்காது. மறுபடி ஆற வெச்சு, சில வாரம் கழிச்சு ஊத்தினா இன்னும் கொஞ்சம் பொரிக்கும். அது முட்டையோட குறை இல்லை. ஆப்பிரிக்காவுல முதல் மழை பெய்ஞ்சு ஏமாத்திட்டுப் போயிட்டா, அன்னிக்குப் பொரிச்சதெல்லாம் காலி. எல்லாமே அன்னிக்கே பொரிச்சிருந்தா அந்தக் குட்டையில வம்சமே இருக்காது. அதனால ஒரு பகுதி எப்பவும் தூங்கிக்கிட்டே காத்திருக்கும். டைவர்சிஃபிகேஷன் பத்தி நான் எத்தனையோ வீடியோ போட்டிருக்கேன். இந்த மீன் அளவுக்கு அதை யாரும் விளக்கலை.

இந்த வகையில இன்னொரு வசதி, வெளியேறுறது சுலபம். மார்ச் மாசம் முட்டையை எடுத்துப் பையில போட்டுட்டு, கோடை முழுக்கத் தொட்டியைக் காலி பண்ணி வெச்சு, வெயில் தணிஞ்சதும் மறுபடி ஆரம்பிக்கலாம். லீவுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனா மீனுக்கு யார் தீனி போடுவாங்கங்கற பிரச்சினை இல்லை. எந்த வளர்ப்புப் பிராணிக்கும் இந்த வசதி கிடையாது.

அப்போ இதுலேர்ந்து ஒரு ரூபாய்கூட எதிர்பார்க்கக் கூடாதான்னு கேட்டா, செலவைக் குறைக்கறதுக்கு எதிர்பார்க்கலாம். தேறின மீன்ல நாலு ஜோடியைத் தெரிஞ்ச ஆர்வலருக்குக் கொடுத்துட்டு, பதிலுக்கு அவர்கிட்ட இருக்கற வேற வகை முட்டையை வாங்கிக்கலாம். வருஷத்துக்கு 1,500 ரூபாய்க்கு மீன் போச்சுன்னா 5,450 செலவு 3,950 ஆகும். இந்த உலகத்துல மதிப்பு மீனோட பிறந்த இடத்துக்குத்தான். ஒரே கார்ட்னெரியிலயே வெவ்வேற ஊர்ல பிடிச்ச வம்சங்கள் தனித்தனியா இருக்கு. வாங்கும்போது அந்த ஊர்ப் பேரைக் கேட்டு வாங்கி, டப்பாவுல எழுதி வெச்சு, விக்கும்போதும் அதையே சொல்லிக் கொடுங்க. ரெண்டு வம்சத்தைக் கலந்துட்டா அப்புறம் விவரம் தெரிஞ்ச யாரும் வாங்க மாட்டாங்க. மிஞ்சின மீனை ஏரியிலயோ கிணத்துலயோ கொண்டு போய் விடாதீங்க, அது எந்த வகையா இருந்தாலும் சரி.

எல்லை மட்டும் முன்கூட்டியே போட்டுக்கோங்க. மூணு டப்பா, மாசம் 250 ரூபாய். புது வகை வேணும்னா இருக்கறதுல ஒண்ணை யாருக்காவது கொடுத்துட்டுத்தான் வாங்கணும். கில்லி வளர்க்கறவங்களுக்கு உண்மையான செலவு மீன் விலையில வர்றது இல்லை. "இன்னும் ஒரே ஒரு டப்பா"ங்கற ஆசையில வருது.

ஏற்கனவே யாரோ சொன்னதைக் கேட்டு பத்து, பதினஞ்சு தொட்டி போட்டு உக்கார்ந்திருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. போட்ட காசை எடுத்தே ஆகணும்னு இன்னும் அஞ்சு தொட்டி வாங்காதீங்க. இந்த மாசம் நிஜமா வித்த ஜோடி எத்தனை, கைக்கு வந்த பணம் எவ்வளவு, செலவான மணி நேரம் எவ்வளவுன்னு மூணே மூணு நம்பரை மட்டும் மூணு மாசம் எழுதுங்க. மணிக்கு 40 ரூபாய்கூடத் தேறலைன்னா, பிடிச்ச ரெண்டு வகையை வெச்சுக்கிட்டு மீதித் தொட்டியையும் ஸ்டாண்டையும் வித்துடுங்க. பழைய தொட்டிக்கு ஒழுகாத வரைக்கும் விலை இருக்கு. சிலிக்கான் விட்டுட்டா அதுவும் இல்லை.